நான் நிரப்பாமல் விட்ட கட்டம்

என் உள்ளங்கை ரேகைகள் கறுத்திருப்பதை முதலில் பார்த்தது முருகேஸ்வரி. தேனியில் ஒரு தனியார் மருத்துவமனையின் பதிவறையில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறோம். என்னைவிட ஐந்து வயது இளையவள். அன்று மதியம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தேன். மருதாணி வைத்தீர்களா அக்கா என்று கேட்டாள். நான் வைக்கவில்லை.

வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தேன். மையால் கோடு கிழித்ததுபோல் ஒவ்வொரு ரேகையும் கறுத்திருந்தது. விரல் முட்டிகளிலும் அதே கறுப்பு. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

முகம் கறுத்து நாலைந்து மாதமாகியிருந்தது. உத்தமபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் வெயில் என்று நான் நினைத்தேன். என் கணவர் அந்தோணியும் அப்படித்தான் நினைத்தார். அவருக்குத் திராட்சைப் பந்தல் இருக்கிறது. வெயிலில் கறுப்பது எங்கள் வீட்டில் ஒரு செய்தியே இல்லை.

கறுப்பு மட்டுமல்ல. ரவிக்கைகளை இரண்டு முறை பிடித்துத் தைத்துவிட்டேன். உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டியது. தயிர்ச்சோற்றில் உப்பைக் கூடக் கூடப் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்காதபோது கல் உப்பை வாயில் அடக்கிக்கொண்டு வேலை பார்த்தேன். அது இனித்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

நாள் முழுக்க நோய்களின் பெயர்களைத் தட்டச்சு செய்கிறவள் நான். எனக்கு இருப்பதும் ஒரு நோயாக இருக்கும் என்று தோன்றவில்லை.

*

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

ஒரு நோயாளி வீட்டுக்குப் போனதும் அவருடைய கோப்பு எங்களிடம் வரும். அதில் மருத்துவர் நோயின் பெயரைக் கையால் எழுதியிருப்பார். சில சமயம் ஒரு வரி. சில சமயம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு நான்கைந்து வரிகள். அதை நாங்கள் கணினியில் ஏற்றுவோம். அந்த நோயாளி அடுத்த முறை வரும்போது எந்த மருத்துவர் திறந்தாலும் அது திரையில் தெரியும்.

திரையில் முதல் கட்டத்துக்கு அருகில் சிவப்பு நட்சத்திரம் இருக்கும். அதில் முதன்மை நோயறிதலை (இம்முறை சேர்ந்ததற்கான முக்கியக் காரணத்தை) நிரப்பாமல் பதிவு சேமிக்காது. அதற்குக் கீழே உடனிருக்கும் நோய்களுக்கான கட்டங்கள். அவற்றுக்கு நட்சத்திரம் கிடையாது. காலியாக விட்டாலும் சேமிக்கும்.

நாங்கள் காலியாக விட்டோம். விடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நிரப்பச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை. மேசையில் கோப்புகள் குவிந்திருக்கும். காப்பீட்டுக்காரர்களுக்கு முதல் வரி போதும். எண் இரண்டும் எண் மூன்றும் காகிதத்தோடு கிடங்கறைக்குப் போய்விடும்.

ஒருநாள் காலை பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தவள் சின்னமனூரைத் தாண்டியதும் மயங்கி விழுந்தேன். அதற்கு முந்தைய இரண்டு நாளும் வாந்தி. பக்கத்தில் இருந்தவர்கள் என் அடையாள அட்டையைப் பார்த்து என் மருத்துவமனைக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிந்தேன். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்தக் கோப்பில் மருத்துவர் இரண்டு வரி எழுதியிருந்தார். முதல் வரி, இரைப்பை குடல் அழற்சி (வயிற்றுப்போக்கும் வாந்தியும் வரும் சாதாரணத் தொற்று). இரண்டாம் வரி, ரத்தத்தில் சோடியம் மிகக் குறைவு, காரணம் கண்டறிய வேண்டும்.

முருகேஸ்வரி முதல் வரியை ஏற்றினாள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

பத்து நாள் கழித்து மறுபரிசோதனைக்குப் போனபோது வேறொரு மருத்துவர் இருந்தார். திரையைப் பார்த்தார். வயிறு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவர்மேல் தவறில்லை. தேட வேண்டிய ஒன்று இருக்கிறது என்பதே அவருக்குச் சொல்லப்படவில்லை. அந்த ஒரு வரி போய்ச் சேராததால் இன்னும் மூன்று மாதம் கல் உப்பைச் சப்பிக்கொண்டு பஸ் ஏறினேன்.

*

கடைசியில் கண்டுபிடித்தது ஒரு தோல் மருத்துவர். கறுப்புக்குக் களிம்பு வாங்கத்தான் போனேன். அவர் கையைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கச் சொன்னார். ஈறுகளில் திட்டுத் திட்டாகக் கறுப்பு. இது தோலில் வந்த நோய் இல்லை, தள்ளிப்போடாமல் மதுரைக்குப் போய் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் (ஹார்மோன் சுரக்கும் உறுப்புகளுக்கான நிபுணரை) பாருங்கள் என்றார். களிம்பு எழுதவில்லை. அதை எழுதாததுதான் என்னைப் பயமுறுத்தியது.

மதுரையில் பார்த்தவர் ஒரு பெண் மருத்துவர். ஓர் ஊசி போட்டு, அதற்கு முன்னும் பின்னும் ரத்தம் எடுத்தார்கள். வயிற்றுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். மறுநாள் ஒரு காகிதத்தில் இரண்டு சிறுநீரகங்களை வரைந்து, ஒவ்வொன்றின் தலையிலும் தொப்பி மாதிரி ஒரு சுரப்பியை வரைந்தார். அட்ரினல் சுரப்பி. உடம்பு நோயையும் அதிர்ச்சியையும் தாங்க அதிலிருந்து வரும் கார்ட்டிசால் (உடம்பே செய்துகொள்ளும் ஒரு வகை ஸ்டீராய்டு) வேண்டும். எனக்கு இரண்டு தொப்பிகளும் வீங்கி வேலையை நிறுத்திவிட்டன.

வீட்டில் யாருக்காவது டிபி (காசநோய்) இருந்ததா என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

அந்தோணி என்னைத் திரும்பிப் பார்த்தார். என் அப்பா நான் பள்ளியில் படிக்கும்போது மாதக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டது அவருக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அதை நெஞ்சுச்சளி என்றுதான் சொல்வோம். அம்மா அப்படிச் சொன்னார்கள், நாங்களும் சொன்னோம். சொல்லிச் சொல்லி அதற்கு வேறு பெயர் இருப்பதே மறந்துவிட்டது. மருத்துவர் பேனாவை மூடிவிட்டுக் காத்திருந்தார். பிறகு சொன்னேன்.

ஸ்கேனும் மற்ற பரிசோதனைகளும் அதைத்தான் காட்டின. எப்போதோ உள்ளே வந்த கிருமி, எத்தனையோ ஆண்டுகள் தூங்கியிருந்து, அந்தச் சுரப்பிகளைத் தின்றிருந்தது. டிபிக்குச் சில மாதங்கள் மருந்து. கார்ட்டிசாலுக்கு ஆயுள் முழுக்க மாத்திரை.

அவர் அன்று சொன்னதை நான் இன்றும் அப்படியே சொல்ல முடியும். “இது இருமி அடுத்தவங்களுக்குப் பரவுற டிபி இல்ல. பயப்படாதீங்க. ஆனா இந்த ஸ்டீராய்டு மாத்திரைய ஒரு வேளைகூட விடக் கூடாது. காய்ச்சல் வந்தா ரெண்டு மடங்கு. வாந்தி வந்தா மாத்திரைய நம்பாதீங்க, ஊசிதான். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வாயத் திறந்ததும் முதல்ல இதச் சொல்லணும். இல்லாட்டி நாங்க உங்கள இழந்துருவோம்.”

நோயின் பெயரும் அவசரத்தில் போட வேண்டிய ஊசியும் எழுதிய ஓர் அட்டை கொடுத்தார். கைப்பையில் எப்போதும் இருக்கட்டும் என்றார். வீட்டில் வைத்துக்கொள்ள ஊசி மருந்தையும் எழுதித் தந்தார்.

ஊருக்கு வந்ததும் அட்டையைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன். ஊசி மருந்தை வாங்கவில்லை. தெரிந்த மருந்துக்கடையில் கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள்.

*

இதை வாசிக்கிற உங்களில் சிலர் இந்த இடத்தில் என்மேல் கோபப்படுவீர்கள். சிலர் கோபப்படமாட்டீர்கள். உங்கள் பீரோவிலும் ஓர் அட்டை இருக்கலாம்.

எங்கள் மருத்துவமனையில் ஓர் ஆயா அம்மா இருந்தார். அவருக்கு நுரையீரலில் டிபி வந்து, மருந்து சாப்பிட்டு முழுக்கக் குணமாகி வேலைக்குத் திரும்பினார். நோயாளிகள் பக்கம் போக வேண்டாம் என்று துணி வெளுக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். கேன்டீனில் அவருடைய டம்ளர் மட்டும் தனியாக, ஜன்னலோரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அவரே எடுத்து, அவரே கழுவி, அங்கேயே வைப்பார். நானும் அந்த டம்ளரை எடுத்ததில்லை.

டிபி மாத்திரைகள் அரசாங்கத்தில் கிடைக்கும். உத்தமபாளையத்தில் எல்லாரும் தெரிந்தவர்கள் என்று கம்பம் போய் வாங்கிக்கொண்டேன். அரசுப் பதிவில் என் பெயர் ஏறியாக வேண்டும், அது சட்டம். ஆனால் எங்கள் மருத்துவமனையின் பதிவு என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

ஒன்றரை மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். வெளியூர் சிகிச்சை விவரங்களை நோயாளியின் பதிவில் சேர்ப்பது எங்கள் வேலைதான். முருகேஸ்வரியிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தேன். அவள் என் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மதுரைக் காகிதத்தைக் கேட்டாள்.

நான் தரவில்லை.

“டிபின்னு போடாட்டியும் அந்தச் சுரப்பியவாச்சும் போட்டுருவோம்க்கா” என்றாள்.

“அதப் போட்டா அது எதுனால வந்துச்சுன்னு கேப்பாக. விடு.”

 அவள் என் பக்கத்தை மூடிவிட்டாள். முதல் கட்டத்தில் இரைப்பை குடல் அழற்சி. கீழே எல்லாம் காலி.

அன்று மாலையே அந்தோணியிடம் ஒரு வாக்கு வாங்கினேன். யார் கேட்டாலும் சுரப்பியில் கோளாறு என்று மட்டும் சொல்ல வேண்டும். டிபி என்ற சொல் நம் வாயிலிருந்து வரக் கூடாது. அவர் சரி என்றார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிற மனிதர். அதை நான் யோசிக்கவில்லை.

*

மாத்திரை வேலை செய்தது. மூன்று வேளை ஸ்டீராய்டு, ஒரு வேளை உப்புச்சத்தைப் பிடித்து வைக்கும் இன்னொரு மாத்திரை, இவற்றோடு டிபி மருந்து. எடை ஏறியது. கல் உப்பு உப்பாகக் கரித்தது. எனக்கு ஒன்றுமில்லை என்று நானே நம்பத் தொடங்கினேன்.

ஐப்பசி மழையில் ஊரெல்லாம் காய்ச்சல். ஒரு சனிக்கிழமை எனக்குத் தொண்டை வலித்தது, உடம்பு சுட்டது. மாத்திரையை இரண்டு மடங்காக்கினேன். அதுவரை சரியாகத்தான் செய்தேன்.

ஞாயிறு காலை விழுங்கிய மாத்திரை அப்படியே வாந்தியில் வந்தது. மறுபடி விழுங்கினேன். மறுபடி வந்தது. கொஞ்சம் வயிறு அடங்கட்டும், பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். மழையில் திராட்சை வெடித்திருக்கிறதா என்று பார்க்க அந்தோணி தோட்டத்துக்குப் போயிருந்தார். அவரைக் கூப்பிடக் கைப்பேசியை எடுத்தேன். பெயர்ப் பட்டியலில் அவர் பெயரை எப்படித் தேடுவது என்று தெரியவில்லை. எழுத்துகள் எழுத்துகளாகவே இல்லை.

பத்து மணிக்கு அவர் வந்தபோது நான் தரையில் கிடந்திருக்கிறேன். கை கால் சில்லிட்டிருந்ததாம்.

பக்கத்து வீட்டுக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு தேனிக்கு ஓட்டினார்கள். வழியில் எத்தனையோ ஆஸ்பத்திரிகள். அங்கெல்லாம் ஏன் நிறுத்தவில்லை என்று பின்னால் கேட்டேன். “நீ வேலை பாக்குற எடம். ஒன்னோட வெவரம் பூராம் அங்கன கம்ப்யூட்டர்ல இருக்கும்னு நெனச்சேன்” என்றார்.

இதற்கு மேல் சாயங்காலம்வரை நடந்தது எனக்கு நினைவில்லை. அந்தோணியும் முருகேஸ்வரியும் செவிலியரும் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன். ஒரே ஒன்று மட்டும் என் சொந்த நினைவு.

அவசரப் பிரிவில் இருந்தவர் புதிதாகச் சேர்ந்த இளம் மருத்துவர். என்னைத் தெரியாது. இங்கேயே வேலை பார்ப்பவள், எல்லாம் கணினியில் இருக்கிறது என்று அந்தோணி சொல்லியிருக்கிறார். அவர் என் பக்கத்தைத் திறந்து பார்த்தார். சில மாதங்களுக்கு முன் வாந்தி, மயக்கம், குடல் அழற்சி, குளுக்கோஸ் ஏற்றியதும் குணம். இப்போதும் வாந்தி, மயக்கம். ஊரில் காய்ச்சல் பரவுகிற காலம். வேறு எதை நினைப்பார்? வாந்தி நிற்க ஊசி போட்டு, உப்புநீரை வேகமாக ஏற்றினார்.

முதல் பாட்டில் முடிந்தது. ரத்த அழுத்தம் ஏறவில்லை.

அவர் என் கன்னத்தைத் தட்டினார். “அம்மா, வேற ஏதாவது நோய் இருக்கா? வழக்கமா மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?”

இதுதான் என் நினைவு. அந்தக் குரல் கிணற்றின் மேலிருந்து கேட்டது. கேள்வி புரிந்தது. என்ன மாதம், எந்த ஊர் என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். இந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் தயாராக இருந்தது.

“இல்ல” என்றேன்.

அவர் அந்தோணியைப் பார்த்தார். சுரப்பியில் கோளாறு என்று அந்தோணி சொன்னார். தைராய்டா என்று மருத்துவர் கேட்டார். அவருக்கு அந்தச் சுரப்பியின் பெயர் தெரியாது. இருக்கலாம் என்று தலையாட்டியிருக்கிறார்.

இரண்டாவது பாட்டில் ஏறியது. அழுத்தம் இன்னும் இறங்கியது. ரத்தத்தில் சர்க்கரையும் குறைந்திருந்தது. மருத்துவர் மறுபடி போய் என் பக்கத்தைத் திறந்தார். கீழே இருந்த கட்டங்களைப் பார்த்தார். காலி.

அந்தோணி வெளியே நடைக்கூடத்துக்கு வந்து முருகேஸ்வரிக்கு ஃபோன் செய்திருக்கிறார். பெரிய டாக்டரை வரச்சொல்ல வழியுண்டா என்று கேட்பதற்காக. அவள் அவரை முழுக்கப் பேசவிடவில்லை.

“அண்ணே, மதுரை விஷயத்த டாக்டர்ட்ட சொன்னீகளா?”

“சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கா.”

“போய்ச் சொல்லுங்கண்ணே. இப்பவே. அக்கா கோவிச்சா எம்மேல கோவிக்கட்டும்.”

அவர் திரும்பி உள்ளே போனார். என் காலருகில் நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமல், மருத்துவரிடம் சொன்னார். “டாக்டர், இவளுக்கு டிபி. நெஞ்சுல இல்ல, கிட்னிக்கு மேல இருக்குற சுரப்பியில. மதுரைல பாத்தாக. தெனமும் மூணு வேளை ஸ்டீராய்டு சாப்பிடுறா. வாந்தி வந்தா ஊசிதான் போடணும்னு சொல்லியிருந்தாக. காலைல இருந்து ஒரு மாத்திரையும் உள்ள நிக்கல.”

அவர் சொல்லி முடிக்கும் முன்பே மருத்துவர் செவிலியரிடம் மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டாராம். ஹைட்ரோகார்ட்டிசோன் (என் சுரப்பிகள் செய்ய மறந்த அதே பொருள்) ஒரு சின்னக் குப்பி. எல்லா மருத்துவமனைகளிலும் அலமாரியில் இருப்பது. என் கட்டிலிலிருந்து பத்தடி தூரத்தில் அது இருந்தது.

*

சாயங்காலம் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் விழித்தேன். முருகேஸ்வரி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நான் எதுவும் சொல்வதற்கு முன் அவள்தான் பேசினாள். தானே அன்றைக்கு என்னிடம் சொல்லாமல் ஏற்றியிருக்க வேண்டும், என் பேச்சைக் கேட்டது தப்பு என்றாள். மறுபடி மறுபடி அதையே சொன்னாள். அவள் கையைப் பிடித்துக்கொள்ள நினைத்தேன். ஊசி குத்தியிருந்த கை தூக்க வரவில்லை.

மறுநாள் காலை அந்த இளம் மருத்துவர் வந்தார். சுரப்பிச் செயலிழப்பு நெருக்கடி (உடம்பில் கார்ட்டிசால் அறவே இல்லாமல் போய், ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகும் நிலை) என்று எனக்கு விளக்கினார். கடைசியாக என் சிகிச்சை அட்டவணையைக் கட்டிலில் தொங்கவிட்டுக்கொண்டே கேட்டார்.

“நீங்க ரெக்கார்ட்ஸ்லதான வேலை பாக்கறீங்க?”

“ஆமா சார்.”

“நேத்து உங்க பக்கத்த நாலு தடவ திறந்து பாத்தேம்மா.”

அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தோணி இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. இட்லியைப் பிட்டு வாயில் வைப்பார், போர்வையை இழுத்துவிடுவார், பேசமாட்டார். மூன்றாம் நாள், “ஒனக்குக் குடுத்த வாக்குக்காக நான் வாய மூடி நின்னேன் பாரு” என்றார். ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போனார். போய் வெகுநேரம் வரவில்லை.

*

வார்டில் படுத்திருந்த அந்த ஒரு வாரமும் எனக்குப் பயமாக இருந்தது. என்னைப் பற்றி மட்டுமல்ல.

என் கட்டத்தை நான் தெரிந்தே காலியாக விட்டேன். மற்றவர்களுடைய கட்டங்களை எதுவும் தெரியாமலே காலியாக விட்டிருக்கிறேன். எத்தனை பேர் என்று எண்ண முடியாது. அவர்களில் யாராவது எங்கேயாவது மயங்கிக் கிடக்கும்போது, ஒரு மருத்துவர் நான்கு தடவை திறந்து பார்த்திருப்பாரா?

வேலைக்குத் திரும்பியதும் முதலில் கிடங்கறைக்குப் போனேன். நான் ஏற்றிய பழைய கோப்புகளை எடுத்து இரண்டாம் வரியைப் பார்த்தேன். குமுளிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய்வரும் ஒரு பெண், மணிக்கட்டு முறிந்து வந்தவர். முதல் வரி எலும்பு முறிவு. இரண்டாம் வரி வலிப்பு நோய், மருந்தை நிறுத்தியதால் விழுந்திருக்கிறார். கணினியில் எலும்பு முறிவு மட்டும் இருந்தது. ஏற்றியவர் பெயர் என் பெயர்.

முடிந்துபோன பதிவை நாங்களாகத் திருத்த முடியாது. மருத்துவர் கையெழுத்து வேண்டும். மேற்பார்வையாளர் நல்ல மனிதர்தான். ஆனால் பழசைத் தோண்டிக்கொண்டிருந்தால் புதுசை யார் பார்ப்பது என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த இளம் மருத்துவர் நிர்வாகத்திடம் பேசிய பிறகு, வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் பழைய கோப்புகளுக்கு ஒதுக்கினார்கள். மென்பொருளிலும் ஒரு மாற்றம் வந்தது. உடனிருக்கும் நோய் எதுவும் இல்லையென்றால், ‘இல்லை’ என்று தனியாக அழுத்த வேண்டும். சும்மா காலியாக விட்டுவிட முடியாது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். படித்துப் பார்க்காமலே ‘இல்லை’யை அழுத்திவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு வரிக்கு மேல் எழுதாத மருத்துவர்களும் இருக்கிறார்கள். மருந்துச் சீட்டில் இன்சுலின் இருக்கும், நோயறிதலில் சர்க்கரை நோய் இருக்காது. ஃபோனில் கேட்டால் ஒரு மருத்துவர் சலித்துக்கொள்வார். “அதுதான் மருந்துலயே தெரியுதே” என்பார். நான் ஃபோனை வைக்கமாட்டேன். எழுதச் சொல்வார். எழுதுவேன்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது பெரிய விஷயம் எதுவும் இல்லை. வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சிகிச்சைச் சுருக்கத்தை (டிஸ்சார்ஜ் சம்மரியை) அங்கேயே நின்று வாசியுங்கள். உங்களுக்கு இருப்பதெல்லாம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். வெட்கமாக இருக்கும் ஒன்று விடுபட்டிருந்தால் நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதியை நம்பாதீர்கள். வீட்டில் ஒருவருக்காவது நோயின் பெயர் சரியாகத் தெரிய வேண்டும். ‘சுரப்பி’ போதாது.

கேன்டீனில் விஷயம் தெரிந்ததும் இரண்டு பேர் வேறு மேசைக்கு மாறினார்கள். ஒருவர் ஒரு மாதத்தில் திரும்பி வந்தார். மற்றவர் வரவில்லை. இதற்காகவா உயிரைப் பணயம் வைத்தேன் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அப்போது அது சின்ன விஷயமாக இல்லை. இப்போதும் அவர் கடந்து போகும்போது என் முதுகு விறைக்கிறது.

*

என் பதிவை முருகேஸ்வரிதான் ஏற்றினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மதுரைக் காகிதத்தை வாசிக்க, அவள் ஒவ்வொன்றாகத் தட்டினாள். முதன்மை அட்ரினல் செயலிழப்பு. இரு அட்ரினல் சுரப்பிகளிலும் காசநோய். ஆயுள் முழுக்க ஸ்டீராய்டு, நிறுத்தக் கூடாது. தந்தைக்குக் காசநோய் இருந்தது. கடைசி வரியை வாசிக்கும்போது என் குரல் சற்றே இறங்கியது. அவள் கவனிக்காததுபோல் இருந்தாள்.

ஒவ்வொரு நோய்க்கும் பக்கத்தில் இரண்டு சின்னக் கட்டங்கள் உண்டு. தொடங்கிய நாள், முடிந்த நாள். இத்தனை ஆண்டுகளில் யாருக்கும் நாங்கள் அதை நிரப்பியதில்லை.

“எப்பன்னு போடக்கா?” என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. மதுரையில் கண்டுபிடித்த நாளா? பஸ்ஸில் விழுந்த நாளா? கிருமி உள்ளே வந்தது நான் பாவாடை சட்டை போட்ட வயதிலாக இருக்கும். அன்றிலிருந்து என் படிப்பு, கல்யாணம், இந்த வேலை எல்லாவற்றின்போதும் அது உள்ளே இருந்திருக்கிறது. நான் நலமாக இருந்ததாக நினைத்த காலம் எது என்று இப்போது என்னால் கோடு கிழிக்க முடியவில்லை. தெரியவில்லை என்றே போடச் சொன்னேன். முடிந்த நாளில் காசநோய்க்கு மட்டும் பின்னால் ஒரு தேதி வந்தது. முதல் வரியில் உள்ள அட்ரினல் செயலிழப்புக்கு முடிந்த நாள் வராது. ஒரு கட்டம் காலியாக இருப்பதுதான் சரி என்று நாங்கள் பேசி முடிவெடுத்து அப்படியே விட்டது அது ஒன்றுதான்.

மற்றவர்களுக்கு விடியும் முன்பே உடம்பு கார்ட்டிசாலைச் சுரந்து எழுப்பிவிடும் என்று மதுரை மருத்துவர் சொல்லியிருந்தார். எனக்கு அது ஆறு மணிக்கு, தண்ணீரோடு, உள்ளே போகிறது. விழுங்கிவிட்டு எழுந்திருக்காமல் படுத்திருக்கிறேன். மலைப்பக்கத்துக் காற்று ஜன்னலைத் தட்டுகிறது. வாழைத்தார் லாரிகள் கம்பம் பக்கமிருந்து வர ஆரம்பிக்கின்றன. அந்தோணி கண்ணைத் திறக்காமலே போட்டாச்சா என்று கேட்பார். போட்டாச்சு என்பேன். அரை மணி நேரத்தில் முதலில் விரல்களுக்கும் பிறகு கால்களுக்கும் அந்த நாளுக்கான தெம்பு வந்து சேரும். வரும்வரை ஒவ்வொரு காலையும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது. வந்ததும் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கிறேன்.